ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

அன்புள்ள தம்பி அனிபாலுக்கு,

அக்கா டெல்ஃபினா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஃப்ளோரிடா வெயிலில் நீயும் நன்றாகக் காய்ந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் ஊரில் கடலோரம் உறைந்து கிடக்கிறது. சிப்பி எடுப்பவர்கள் பனியை உடைத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் கண்காணிக்க வேண்டிய புதிய சிப்பிக் காவலரோ நீச்சல் குளத்தில் மிதக்கிறாராம். உனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் ஹோராசியோதான் சிப்பியின் அளவு பார்க்கும் வளையத்தோடு சேற்றில் நிற்கிறார். அவர் ஒன்பது வருடமாக உதவிக் காவலர். சிப்பிக் காவலர் வேலை காலியானபோது, என் வீட்டுச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "அத்தான், இந்தத் தடவ உங்களுக்குத்தான்" என்று சொன்னவன் நீ. அவர் இன்றுவரை உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் எனக்கு எரிகிறது.

நேற்று போனில் விசாரணையைப் பற்றிப் பேசும்போது, "அக்கா, நீ காபிதானே கொண்டுவந்த? ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடு" என்றாய். அன்று ஊர்ச்சபைக் கூட்டத்துக்குக் காபி கொண்டுவந்தவள் எப்படியடா பார்க்காமல் இருப்பேன்? சபையில் இருப்பதே உன்னையும் சேர்த்து மூன்று பேர். காலின்ஸ் காய்ச்சலில் படுத்துவிட்டார். உனக்கே அந்தக் காவலர் வேலை கேட்பதால் நீ வெளியே போக வேண்டும். போனால் தலைவி வின்ஸ்லோ அம்மாள் மட்டும்தான் மிச்சம். இரண்டு பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. அதற்கு இருவரும் கண்டுபிடித்த வழியைப் பார்! நிலைப்படியில் நீ, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இந்த வயதில் நொண்டியாட்டமா என்று நினைத்தேன். அந்த அம்மாள், "உள்ள இருக்கிற கால் கூட்டத்துக்கு, வெளிய இருக்கிற கால் சட்டத்துக்கு" என்று சொல்லி, தான் ஒருத்தியாகவே கையைத் தூக்கி உன்னை நியமித்தார். நீ வெட்கமே இல்லாமல் என் தட்டிலிருந்து காபியை எடுத்துக் குடித்தாய்.

நீ தெருவிலேயே நின்றிருந்தாலும் செல்லாதாம். சபையில் இருப்பவருக்கு அதே சபை சம்பள வேலை கொடுக்கக் கூடாது; பதவியை விட்டு ஆறு மாதம் போக வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிறது. ஓட்டு வாங்கிப் போன உனக்குப் புரியவில்லையா?

இதைப் பற்றி மாநிலத்துக்குப் புகார் கொடுத்தது யார் என்று கேட்டாய். நான் இல்லை. கொடுத்திருந்தால் முதலில் உன்னிடம் சொல்லித்தான் சிரித்திருப்பேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மாநில விசாரணை அதிகாரி என்னை விசாரிக்கிறார். சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போவேன். பார்த்ததைச் சொல்வேன். உனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் நீயே நடந்ததை எழுதி, வேலையையும் விட்டுவிட்டால், நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், தம்பி.

மாதா உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். எழுதும்போது எங்கேயாவது தடுமாறினால் எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன் ஒரே அக்கா,
டெல்ஃபினா