பிரியதர்ஷினி எழுதாத பாட்டு

ஜூலை 7, திங்கள்

பீரோ சாவியை இன்றும் கேட்டேன். இன்றும் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த பெட்டி அதற்குள்தான் இருக்கிறது. படம் போட்ட சொல்லட்டைகள், கைப்பாவைகள், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம். பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. நஞ்சம்மா டீச்சர் சொல்லும் காரணம் ஒன்றுதான். "பிள்ளைங்க கை பட்டா அழுக்காயிடும்மா. நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா நான் என்னாத்த காட்டறது?"

பிள்ளைகள் கை படக்கூடாது என்றால் அது எதற்கு?

எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. இந்தம்மா தலைமை ஆசிரியை. ஒன்று, இரண்டு வகுப்புகள் அவருக்கு, மூன்று முதல் ஐந்து வரை எனக்கு. மத்திகிரியில் டவுன் பஸ் ஏறும்போதே இன்றைக்கு என்ன சண்டையோ என்று இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நானே செய்துகொள்கிறேன். யாருடைய பெட்டியும் வேண்டாம்.

என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம், மிச்சம் தமிழ். இவர்களிடம் போய் இக்ளூ என்றும் யாக் என்றும் படத்தைக் காட்டினால் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். "உங்க வீட்ல பேசற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு, நாளைக்கு ஆளுக்கொண்ணு கொண்டுவாங்க" என்று நேற்று சொல்லி அனுப்பினேன்.

இன்று கொண்டுவந்தார்கள். ஓ.டி., அதாவது ஓவர்டைம். கேட் பாஸ். கேன்டீன். ஹெல்பர். ரிஜெக்ட். பிரேக்டவுன். ஒருத்தன் 'அப்சென்டு' என்றான். மூன்று மொழிக்காரப் பிள்ளைகளுக்கும் பொதுவான வார்த்தைகள் அப்பாவும் அம்மாவும் கம்பெனியிலிருந்து கொண்டுவருபவைதான்! ஏழு வருஷமாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

என் வீட்டுக்காரர் கிங்ஸ்டன் கொண்டுவந்த பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒவ்வொரு வார்த்தையையும் ஸ்கெட்ச்சில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இந்த ஒரு விஷயத்திலாவது அவர் உதவினார்.

ஜூலை 16, புதன்

காலையில் போனால் சுவர் மொட்டையாக இருக்கிறது. அட்டைகளைக் கழற்றிக் கட்டாகக் கட்டி என் மேஜை மேல் வைத்திருக்கிறது இந்தம்மா.

"இது என்னா, பள்ளிக்கூடமா கம்பெனி நோட்டீஸ் போர்டா? அப்பன் ஆயி படற பாடு போதாதுன்னு பிள்ளைங்களும் அதையே படிக்கணுமா?"

"இதுதான் டீச்சர் அதுங்களுக்குப் புரியுது."

"புரியறத சொல்லிக்குடுக்க நீ எதுக்கு? புரியாதத சொல்லிக்குடுக்கத்தான் சம்பளம்."

பிள்ளைகள் எதிரில். என் வகுப்பில். அந்தம்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எல்லா அட்டைகளையும் திரும்ப ஒட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிம்மதி.

ஜூலை 30, புதன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

சுவரில் இருக்கும் வார்த்தைகளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதச் சொல்லியிருந்தேன். தப்பாக எழுதினாலும் திட்டமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலும் 'கேட் பாஸ் கேட் பாஸ் வேர் ஆர் யூ' வகைதான். நான்காம் வகுப்பு பிரியதர்ஷினி மட்டும் இதைக் கொண்டுவந்து கொடுத்தாள்:

மை மதர் ஸ்டாண்ட்.
எய்ட் அவர் ஸ்டாண்ட்.
சேர் இஸ் ஃபார் சூப்பர்வைசர்.
ஹெல்பர் நோ சேர்.
பாத்ரூம் ஒன் டைம்.
ஈவினிங் மை மதர் லெக் இஸ் பலூன்.
ஐ பிரஸ். ஐ பிரஸ்.

கீழே அவள் அம்மாவின் படம். நீலக் கோட்டு, பெரிய பெரிய கால்கள்.

இந்தப் பெண் வகுப்பில் வாய் திறந்து பேசியதே இல்லை. வீட்டில் தெலுங்கு. அம்மா சென்னம்மாள் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பேக்கிங். அப்பா விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம். "யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "நானேதான் மிஸ்" என்றாள். அப்படி ஒரு நிமிர்வு அந்தக் கழுத்தில்.

இலக்கணம் தப்பு. ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தமாட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மதியம் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தம்மா பின்னால் வந்து நின்று படித்தது. ரொம்ப நேரம் படித்தது.

"நல்லா எழுதியிருக்குது. இத வெளிய அனுப்பாதே. பேரு இருக்குது. கோட்டு மேல கம்பெனி எழுத்தக் கூட போட்டிருக்குது பாரு."

தன் வகுப்பில் இப்படி ஒன்று நடக்கவில்லையே என்ற எரிச்சல். வேறென்ன? எதையும் பூட்டி வைக்கத்தான் தெரியும். பிளாஸ்டிக் உறை போட்டு.

ஸ்டேட்டஸில் போட்டேன். டீச்சர்கள் குரூப்பிலும் போட்டேன். 'என் வகுப்பு மாணவி, வயது ஒன்பது' என்று எழுதி, ஊரும் பேரும் சேர்த்து.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நூற்றுக்கும் மேல் செய்தி. முன்பின் தெரியாதவர்கள் கூட. இப்படி ஒரு டீச்சர் எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று ஒருவர். மூன்று முறை படித்தேன் அதை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் கிங்ஸ்டன் தன் போனை நீட்டினார். அவர் வேலை பார்க்கும் கம்பெனி டூல் ரூம் ஆட்கள் குரூப்பில் பிரியதர்ஷினியின் தாள். சிவப்பு வட்டம் போட்டு, கோட்டின் மேல் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கி.

"இது நீ போட்டதுதான?"

"ஆமா."

"அந்தப் பிள்ளையோட அம்மா வேலை போச்சுன்னு வெச்சுக்கோ."

"ஒரு சின்னப் பிள்ளை எழுதினதுக்கா?"

"கம்பெனி வாசலையே பார்க்காத ஆளு மாதிரி பேசற." எழுந்து உள்ளே போய்விட்டார். நான் போட்டதை அழித்தேன். அழித்து என்ன? எத்தனை போனில் இருக்கிறதோ.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிரியதர்ஷினி வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சென்னம்மாள் வந்தார். இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்த நேரம். நேராக என்னிடம்.

"ஏங்க டீச்சர், உங்களுக்கு நான் என்னா கெடுதல் பண்ணினேன்? கேட்டுல கார்டு வெச்சா செவப்பு எரியுது. எல்லாம் உள்ள போறாங்கோ, நான் மட்டும் ஓரமா நிக்கறேன். செக்யூரிட்டி போன எடுத்துக் காட்டறான், இது உன் பிள்ளைதானான்னு. நான் எத்தன தடவ பாத்ரூம் போறன்னு ஊரே படிக்கணுமா? உங்க வீட்டு சமாச்சாரத்த இப்பிடிப் போடுவீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அது சோறு போடுமா?" என்றார்.

வராந்தா கடைசியில் நஞ்சம்மா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். சொல்லவில்லை. சென்னம்மாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சென்னம்மாள் அவர் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் லீவு போட்டு, ஆட்களைக் கம்பெனிக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் கோவிந்தப்பனைப் போய்ப் பார்த்தேன். பேக்கரி மாடியில் ஆபீஸ். முக்கால் மணி நேரம் படியிலேயே நிற்கவைத்தான். ஆமாம், 'வைத்தான்'. மரியாதை அவனுக்கு எதற்கு?

சிரித்துக்கொண்டே பேசினான். "மேடம், பிள்ளை எழுதுச்சுன்னா அம்மாக்காரி வீட்ல போய் பேசியிருக்கான்னு அர்த்தம். கம்பெனி என்னைக் கேக்குது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இது டீச்சர் சும்மா கற்பனையா எழுதினது, பிள்ளைய வெச்சு காப்பி பண்ண வெச்சோம்னு பள்ளிக்கூட சீலோட ஒரு லெட்டர் குடுங்க. அதையே உங்க குரூப்லயும் போடுங்க. அந்தம்மாவ வேற யூனிட்ல உட்டுடறேன்."

"பொய் எழுதித் தரச் சொல்றீங்களா?"

"உண்மைய எழுதித்தான இங்க வந்து நிக்கறீங்க?"

ஒரு அறை விட்டிருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். நன்றி!

ஆகஸ்ட் 7, வியாழன்

லெட்டரை எழுதி எடுத்துப் போனேன். 'மேற்படி பாடல் முழுவதும் என் சொந்தக் கற்பனை.' சீலுக்காக நஞ்சம்மா டீச்சர் மேஜை மேல் வைத்தேன். உடனே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பிரச்சினை வேண்டாம் என்று இருக்கிற ஆள்தானே.

படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார். "இதுக்கு நான் சீல் போடமாட்டேன்."

"நீங்கதான டீச்சர் பேர் வேணான்னீங்க?"

"பேர் வேணான்னேன். பொய் வேணும்னு சொல்லல. அந்தப் பிள்ள எழுதின ஒரே ஒரு பாட்டு. அதுவும் அதோடது இல்லன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"அப்ப அவங்க வேலை?"

"என்னைக் கேட்டா போட்ட?"

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களுக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்று கூடச் சொன்னேன். அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்னம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். காண்ட்ராக்டர் அவரிடமும் சொல்லிவிட்டிருக்கிறான்.

"அந்த சீலப் போட்டுக் குடுங்க பெரிய டீச்சர். உங்களக் கும்பிட்டுக்கறேன்."

நஞ்சம்மா டீச்சர் பிரியதர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டு, தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது, ஆனாலும் புரிந்தது. யார் எழுதினது, நீயே சொல்லு.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள்.

"மிஸ்ஸு" என்றாள்.

நஞ்சம்மா டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து சீலை எடுத்தார். மை காய்ந்திருந்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

குரூப்பிலும் போட்டுவிட்டேன். 'அது என் கற்பனைப் பாடல். மாணவி எழுதியது எனத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன்.' உடனே பதில்கள். சூப்பர் ரெனிட்டா மேடம். பிள்ளை எழுதியது போலவே எழுதியிருக்கிறீர்கள் மேடம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சென்னம்மாளுக்கு வேறு யூனிட்டில் வேலை கிடைத்துவிட்டது. பஸ் மாறிப் போக வேண்டுமாம்.

பிரியதர்ஷினி தினமும் வருகிறாள். சொன்னதைச் செய்கிறாள். பாடப்புத்தகத்தில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுகிறாள். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் வெள்ளைத் தாளை மடித்துக் கொடுக்கிறாள்.

இன்று மதிய உணவு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டேன். "அது நீ எழுதினதுதான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அம்மா வேலைக்குப் போறா மிஸ்" என்றாள். "அந்தப் பேச்ச எடுக்காதீங்க."

ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குச் சொல்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஓசூரில் கற்பித்தல் கருவிகள் கண்காட்சி. போகமாட்டேன் என்றேன், பள்ளிக்கு லீவு விட்டாவது ஆசிரியர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். நானும் நஞ்சம்மா டீச்சரும் பிரியதர்ஷினி உள்பட ஐந்து பிள்ளைகளோடு போனோம். பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால். அன்றைக்குப் பேசியதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்கப் போகிறேன் என்றுதான் கிளம்புகிறேன்.

நாங்கள் செய்த சொல்லட்டைகளை மட்டும் மேஜையில் பரப்பியிருந்தேன். பரிசு சொல்ல வந்த அதிகாரி என் பெயரைப் பார்த்ததும் நின்றார்.

"அந்தப் பாட்டு எழுதின மேடம் நீங்கதானா? பிள்ளைங்க யாருக்காவது அது வருமா? மேடையில சொல்லட்டும்."

வராது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிரியதர்ஷினி எழுந்து மேடைக்கு நடந்துவிட்டாள்.

மைக்கின் முன்னால் கைகட்டி நின்று, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். 'பாத்ரூம் ஒன் டைம்' என்ற வரி மட்டும் இல்லை. அதை அவளே எடுத்துவிட்டிருந்தாள். முடித்ததும் மூச்சு வாங்கி, என்னை நேராகப் பார்த்து, "ரிட்டன் பை ரெனிட்டா மிஸ்" என்றாள். அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

ஹால் முழுக்கக் கைதட்டல். நஞ்சம்மா டீச்சர் மட்டும் தட்டவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரியதர்ஷினி இறங்கி வந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தாண்டிப் போய் நஞ்சம்மா டீச்சரின் நாற்காலியிலேயே ஒட்டி உட்கார்ந்தாள். அவர் பையை நகர்த்தி இடம் விட்டார்.

பாட்டுக்குத் தரும் சான்றிதழில் போட உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒருவர் பேனாவோடு வந்து கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.