கமெராவுக்குச் சொல்லாதது

2025 யூன் 3, செவ்வாய்

அம்மா நித்திரை. மெழுகுதிரியைக் கதிரைக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் எங்கள் மலசலகூடக் குழி இடிந்து விழுந்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து விடியமுன் அம்மாவும் நானும் களப்பு நீரோரப் பற்றைப் புதருக்குத்தான். ஒருவர் போக மற்றவர் காவல். இன்று வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் லைற்றை அணைத்துவிட்டு நின்றது. அம்மா, "ஆரடா அது?" என்று கத்திய பிறகுதான் போனது. பள்ளிக்கூடம் போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

யூன் 5

றொமேஸ் அண்ணா வந்தார். யூரியூப்பில் வீடியோ போடுபவர். ஏழை வீடுகளைக் காட்டுவார். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு உதவி அனுப்புவார்கள். சுவிஸில் ஒருவர் எங்களுக்கு மலசலகூடம் கட்டித் தருகிறாராம். ஞாயிறு சாமான் வரும்.

"தங்கச்சி கமெராவில ரெண்டு வார்த்தை சொல்லோணும். இப்ப எங்க போறனீங்கள், என்ன பயம்... அவ்வளவுதான். அழுகை வந்தா அடக்கவேண்டாம்."

அம்மா சம்மதித்து ஓம் என்றுவிட்டார்.

எனக்கு உள்ளே பூட்டக்கூடிய அந்தக் கக்கூஸ் கதவு வேணும். சத்தியமா வேணும். ஆனால் அதுக்கு நான் போற பற்றையை உலகத்துக்கே காட்டவேணுமோ?

யூன் 6

குடியியல் பாடம். அடிப்படை உரிமைகள். அந்தரங்க உரிமை எந்த உறுப்புரையில் இருக்கிறது என்று கமலாசனி ரீச்சரிடம் கேட்டேன். நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அப்படித் தனியாக ஒன்று இல்லையாம். நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இருக்கிறதாம், பதினாறாம் உறுப்புரை. "ஆனா அது சோதினைக்கு வராது, பிள்ளை."

நூலகத்தில் தேடி எழுதிவந்தேன். பிள்ளையின் அந்தரங்கத்திலோ குடும்பத்திலோ வீட்டிலோ கடிதத்திலோ எவரும் எதேச்சையாகத் தலையிடக் கூடாது.

எதேச்சையாக என்றால் நியாயம் இல்லாமல். உதவி செய்கிறவர் கேட்பது நியாயம் ஆகிவிடுமா? அம்மா சொன்ன ஓம் என்னுடைய ஓமா?

யூன் 7

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

யூன் 8, ஞாயிறு

தேவாலயப் பூசை முடிந்து வந்தபோது லொறி நின்றது. சீமெந்து, கல், வெள்ளைக் கொமட் ஒன்று. அயலெல்லாம் வேலியோரம். றொமேஸ் அண்ணா என்னைப் பழைய சட்டை மாற்றிவரச் சொன்னார். நான் பூசைச் சட்டையோடே நின்றேன்.

"சொல்லுங்கோ தங்கச்சி, இவ்வளவு நாளும் எங்க போறனீங்கள்?"

"அது உங்களுக்கு என்னத்துக்கு அண்ணா?"

நான் பாடமாக்கி வைத்திருந்தது பதினாறாம் உறுப்புரை. வாயில் வந்தது இது. வேலியில் யாரோ சிரித்தார்கள். அவர் கமெராவைக் கீழே இறக்கினார்.

"முகமும் கதையும் இல்லாட்டி ஆர் பாப்பினம்? ஆர் தருவினம்?"

"கல்லைக் காட்டுங்கோ. கட்டி முடிச்சாப் பிறகு கதவைக் காட்டுங்கோ. நாங்கள் போற இடத்தைச் சொல்லமாட்டன்."

என் குரல் நடுங்கவில்லை.

"என்னக்கா, பிள்ளை இப்பிடி வாய் காட்டுது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். லொறி சாமானோடு திரும்பிப் போனது.

நான் பிழை விட்டுட்டனோ? அம்மாவும்தானே ஒவ்வொரு நாளும் பற்றைக்கு வாறா. அவான்ர கதவையும் சேர்த்தெல்லே திருப்பி அனுப்பிப்போட்டன்.

யூன் 10

அம்மா அதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. விடியமுன் எனக்குக் காவல் நின்றார்.

யூன் 19

அந்த லொறி ஸ்ரெல்லா வீட்டுக்குப் போயிருக்கிறது. என் வகுப்புக்காரி. வீடியோவில் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். வகுப்பில் பாதிப்பேர் பார்த்துவிட்டார்கள். இடைவேளையில் பெடியள் அவளைச் சுற்றி நின்று, "தங்கச்சி, எங்க போறனீங்கள்?" அவள் புத்தகப்பையையும் எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

அவளுக்குக் கதவு இருக்கிறது. எனக்கு இல்லை. இருந்தும் இன்று நான் அவளாக இருக்க விரும்பவில்லை.

யூன் 21

ஸ்ரெல்லா வந்தாள். "உன்னை மாதிரி எனக்குச் சொல்ல வரேல்லையடி. இப்ப எழுதித் தா."

றொமேஸ் அண்ணாவுக்குக் கடிதம் எழுதினேன். உதவிக்கு நன்றி, வீடியோவை நீக்கவும், காரணம் பதினாறாம் உறுப்புரை. அவளுடைய அம்மா றஞ்சனி அன்ரி கையெழுத்து வைப்பார். எங்கள் அம்மா பின்னால் நின்று முழுவதையும் வாசித்தார்.

"அந்தப் பதினாறைக் கொஞ்சம் பெரிசா எழுது."

லொறி திரும்பிப் போன பிறகு இந்த விசயத்தில் அம்மா சொன்ன முதல் வார்த்தை.

யூன் 24

றொமேஸ் அண்ணா போனில் கத்தினாராம். "அப்ப கக்கூசைக் கழட்டித் தருவியளோ?"

றஞ்சனி அன்ரி, "வாரும் தம்பி, வந்து கழட்டும். நாங்கள் நிண்டு வீடியோ எடுக்கிறம்."

பின்னேரம் வீடியோ இல்லை. அவர் உறுப்புரைக்குப் பயந்தாரா, அன்ரிக்குப் பயந்தாரா? ஸ்ரெல்லா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள்.

யூலை 9

அம்மா பிரதேச செயலகக் கந்தோரில் மலசலகூடம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்று ஓர் உத்தியோகத்தர் வந்தார். நான் உள்ளே கணக்குச் செய்துகொண்டிருந்தேன். குழியைப் பார்த்துப் படிவம் நிரப்பியவர், "பிள்ளையையும் பக்கத்தில வந்து நிக்கச் சொல்லுங்கோ, ஃபைலுக்கு ஒரு படம்" என்றார்.

"குழியை எடுங்கோ சேர்," என்றார் அம்மா. "இடிஞ்சது குழிதானே. பிள்ளை இல்லையே."

 பிறகு போனில் படம் எடுக்கும் சத்தம், ஒருதரம். பட்டியலில் பெயர் சேர்த்தாயிற்று. எப்போது கட்டுவார்கள் என்று சொல்லவில்லை.

நான் கதிரையை விட்டு எழும்பவேண்டி வரவில்லை.