லாக் போட்ட கார்டு

புதன்கிழமை, இரவு.

தொண்டை ஆபரேஷனோடு அப்பாவுக்குக் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால், முந்தின நாளே அவரை என் ஸ்டூடியோ கேமராவில் பேச வைத்துப் பதிவு செய்திருந்தேன். "இனிமே மக வூட்டுலதான் இருப்பேன்" என்றும் அதில் சொல்லியிருந்தார். தவறி அழிந்துவிடக் கூடாதென்று மெமரி கார்டின் ஓரத்திலுள்ள லாக்கைத் தள்ளி வைத்தேன். காப்பி எடுக்காதது என் தப்பு.

தன் மகன் காதுகுத்துக்காக அண்ணன் கேமரா பையை வாங்கிப் போனான். பையில் காலி கார்டும் இருந்தது. இன்று கீழப்பழுவூரில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அப்பா பேசிய கார்டு முழுக்கக் காதுகுத்துப் படங்கள்.

"தெரியாம ஃபார்மேட் ஆயிடுச்சும்மா" என்றான்.

லாக் போட்ட கார்டைக் கேமரா ஃபார்மேட் செய்யாது. வெளியே எடுத்து நகத்தால் லாக்கைத் தள்ளியாக வேண்டும். அதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது.

"அப்பாவத் துரத்திட்டான்னு ஊர்ல பேசமாட்டாங்களா? அவரு அப்படிச் சொல்லவே இல்ல."

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'சொன்னேன்' என்று எழுதி அண்ணன் மடியில் வைத்தார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். பதிவை மீட்க முடியாது என்று அரியலூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதில் அப்பா அண்ணனைப் பற்றித்தான் அதிகம் பேசியிருந்தார், செல்லப்பெயர் சொல்லி, சிரித்துச் சிரித்து. அதையும் கேட்டுவிட்டா அழித்தான்?