ஏயுமலைக்கு வேறு குரல் இல்லை

ஏயுமல மச்சான்,

எழுத்தில் ஏழுமலை என்றுதான் போட வேண்டும். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். உன் அம்மாவுக்கும், கள்ளிக்குப்பத்தில் உன் தெருவுக்கும், நீ தண்ணி கேன் போட்ட வீடுகளுக்கும், நம் ஃபிலிம் ஸ்கூல் வாட்ச்மேனுக்கும் நீ ஏயுமலதான். ழ போட்டுக் கூப்பிட்டது ஒரே ஆள், நமக்குக் குரல் பயிற்சி எடுத்த மேடம்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. போன ஞாயிற்றுக்கிழமை நம் டிப்ளமோ படத்தை ஸ்கூலில் போட்டுக் காட்டினார்கள். நீ டப்பிங் பேசாமலே போய்விட்டாய். உன் வாயில் யார் குரலை வைப்பது என்று இங்கே பெரிய சண்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் ஸ்கூல் ஆண்டு மலரில் இதைப் போடுவார்களாம். போடட்டும், உனக்கு மறைத்து வைக்கிற பழக்கம் எப்போது இருந்தது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் ஸ்கூல் நடக்கும் அந்தப் பழைய லேத் பட்டறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே கறுப்புத் துணி கட்டி ஸ்டூடியோ என்கிறார்கள். பக்கத்து ஷெட்டில் பிரஸ் மிஷின் அடிக்கிற அடியில் நம் தரையும் சேர்ந்து ஆடுகிறது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, பேனல் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு சவுண்ட் கோர்ஸில் சேர்ந்தவன் நான். முதல் நாள் பாடம் நடத்துவார்கள் என்று பேனாவும் நோட்டுமாக வந்தேன். லைட் ஸ்டாண்டைத் தூக்கச் சொன்னார்கள்.

கை வைக்காமல் எதையும் சொல்லித்தர மாட்டோம் என்பது அங்கே சட்டம். கேமரா கோர்ஸ் ஆள் எடிட்டிங்கில் உட்கார வேண்டும், நடிப்பு கோர்ஸ் ஆள் மைக் கம்பு பிடிக்க வேண்டும். சவுண்ட்காரன் நடிக்க வேண்டும். எனக்குப் பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை வேஷம். நடிக்க வந்த நீ மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே நின்றாய்.

"மச்சான், பொண்ணு பாக்க வந்தியா, கரன்ட் ரீடிங் எடுக்க வந்தியா?"

கம்பு ஆடியது, யூனிட்டே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த வீடியோவைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், மீட்டர் எங்கே என்று தேடுகிற முகம்தான் அது.

நான் ஆவடி குவாட்டர்ஸ் பையன் என்பதால் எனக்கு 'குவாட்டரு' என்று பெயர் வைத்தாய். டீக்கடை வாசலில் நின்று "யோவ் குவாட்டரு, வர்றியா?" என்று நீ கத்தும்போது கடையில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ராணுவ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் அப்பா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் என் வாயை முகர்ந்து பார்த்தார். அந்தக் கதையை உனக்குச் சொன்னேனா? சொல்லியிருந்தால் நீ ஊரெல்லாம் சொல்லியிருப்பாய். சொல்லவில்லை போலிருக்கிறது.

மேடம் வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஏழுமலை, நாக்கை மடிங்க. பழம்."

"பயம்."

"மடிக்கணும்."

"மட்ச்சிகினுதான் மேடம் கீறேன். பயம்."

"பழம், ஏழுமலை."

"மேடம், உங்களுக்கு பயம் துன்ற ஆசன்னா சொல்லுங்க, நானே வாங்கியாறேன்."

மேடமே சிரித்துவிட்டார். ஆனால் நீ விடவில்லை. தண்ணி கேன் வண்டியை ஓட்டிக்கொண்டே வாழை, கோழி, கிழவி என்று சொல்லிக்கொண்டு போவாய். சில மாதங்களில் ழ வந்துவிட்டது, சுத்தமாக. அன்று கொரட்டூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வர்து மச்சான். ஆனா ழ சொல்றப்போ நடிச்சிகினு கீறேன்னு எனக்கே தெர்து. பாக்கறவனுக்குத் தெரியாதா?"

அலைவரிசை, டெசிபெல் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டிப்ளமோ படத்தை இயக்கிய நிவேதாவை உனக்குத் தெரியும், பூந்தமல்லிக்காரி, ஸ்கிரிப்டில் கமா மாறினால்கூடச் சண்டைக்கு வருவாள். படத்தில், பாடிப் பக்கம் நீ வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்து, வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருக்கும் ஆள் நீ. பெண்டாட்டியாக நம் ஸ்கூல் கௌரி. கள்ளிக்குப்பத்தில் உன் தெருவிலேயே வீடு பிடித்தோம்.

ஸ்கிரிப்டில் இருந்தது 'குழந்தை தூங்கிடுச்சா?' நீ கேட்டது "கொயந்த தூங்கிச்சா?"

"கட். குழந்தை, கொயந்த இல்ல."

அடுத்த டேக்கில் ழ சரியாக வந்தது. நீ வரவில்லை. வார்த்தையை உடைக்காமல் இறக்கி வைக்கும் கவனம்தான் முகத்தில் தெரிந்தது. இன்னொன்று, அதுவும் அப்படித்தான். பிறகு எடுத்ததில் நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல், லேஸை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல் "கொயந்த தூங்கிச்சா?" என்றாய். நிவேதா ஸ்கிரிப்டை மூடிவிட்டு கட் சொன்னாள்.

"ஓகே. கொயந்தய டப்பிங்ல பாத்துக்கலாம்."

நம் ஸ்கூலில் எல்லாரும் சொல்வதுதானே அது? நாய் குரைத்தால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம், வசனம் மறந்தால் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். படப்பிடிப்பில் பதிவாகும் குரல் பிறகு டப்பிங் பேசும்போது கேட்டுக்கொள்ள மட்டும். பைலட் என்போம், படம் முடிந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். அந்த டேக்கில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இருந்தது, தூரத்தில் ரயில் ஹாரன் இருந்தது. நானும் கவலைப்படவில்லை. எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்.

டப்பிங்குக்கு முதல் நாள் நீ வாய்ஸ் மெசேஜ் போட்டாய். "காய்ச்ச மச்சான், தொண்ட கட்டிக்கீது. அடுத்த வாரம் வந்து பேசறேன்." டெங்கு என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் நாங்கள் உன் தெருவில், ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

படத்தை முடித்தால்தான் சர்டிஃபிகேட். அதனால் டப்பிங் கோர்ஸ் பிரவீனைக் கூப்பிட்டார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரன். உன் உதடு அசைகிற இடத்தில் அவன் குரல் அச்சாக உட்கார்ந்தது. நான்தான் பதிவு செய்தேன். குழந்தை குழந்தையாகவே வந்தது. டெக்னிக்கலாக ஒரு தப்பும் கிடையாது.

அப்போதுதான் உன் அம்மா உன் பையை வாங்கிப்போக ஸ்கூலுக்கு வந்தார். நிவேதா ஆசையாக அந்த சீனைப் போட்டுக் காட்டினாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

"நல்லா கீது நைனா," என்றார் என்னிடம். "பேசற புள்ளையும் நல்லா பேசுது. யாரு ஊட்டுப் புள்ள?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே விசாரித்தார். நிவேதா எழுந்து வெளியே போய்விட்டாள். பிரவீன் வீடு திருமுல்லைவாயில் என்று நான் பதில் சொன்னேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் பைலட்டையே படத்தில் வைக்கிறேன் என்றேன்.

"பைத்தியமாடா உனக்கு? குக்கர் விசில் கேக்குது," என்றாள் நிவேதா. "அந்தம்மா கேட்டதுல எனக்கும் தூக்கம் போச்சுதான். ஆனா சர்டிஃபிகேட் வேணாமா?"

"வேணும். அவன் குரலும் வேணும்."

"அவன் மட்டும் கொயந்தன்னு சொல்லி, கௌரி குழந்தைன்னு சொன்னா? ரெண்டு ஊர்க்காரங்கள ஒரே வீட்டுல குடிவெச்ச மாதிரி இருக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் உன் குரலைச் சுத்தம் செய்து பார்த்தேன். இரைச்சலை எடுக்க எடுக்க நீ குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆனது. இன்னும் எடுத்தால் நீயே கரைந்துவிடுவாய். எரிச்சலில் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினேன். அதன் ஒரு பக்கம் இப்போது வேலை செய்வதில்லை.

பிறகுதான் உறைத்தது, எடுக்க வேண்டியதில்லை, சேர்க்க வேண்டும். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். குழாய் சொட்டுவது, ஃபேன் கரகரப்பது, தெருவில் போகிற வண்டி, ரயில் என்று எல்லாவற்றையும் பதிவு செய்து சீன் முழுக்க அடியில் ஓட விட்டேன். குக்கர் விசிலை அழிக்காமல் கௌரியின் ஷாட்டில் இன்னொரு விசில் வைத்தேன். இப்போது சமைப்பது உன் பெண்டாட்டி.

அதைக் கேட்க கௌரி வந்தாள். நம் ஸ்கூலில் செய்தி வாசிப்பவர் மாதிரி தமிழ் பேசுபவள் அவள்தானே? கேட்டு முடித்துவிட்டு, "என் டயலாக்க மறுபடி எடு," என்றாள்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நான் கொரட்டூருடா. எங்க ஊட்டுல இன்னா, மேடம் தமிழா பேசிகினு கீறோம்? மைக்க ஆன் பண்ணு."

உள்ளே போய் நின்றாள். நீ திரையில் கேட்டாய், கொயந்த தூங்கிச்சா என்று. "இப்பதான் தூங்கிச்சி. நீ இன்னா, இம்மா நேரம்?" என்றாள் அவள். இத்தனை நாள் இந்தப் பெண் இதை எங்கே வைத்திருந்தாள்?

நிவேதா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு ஸ்கிரிப்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ ஹவுஸ் ஓனர் டயலாக்கையும் மாத்தணும்," என்றாள். ஓனருக்குக் குரல் கொடுத்தது யார் தெரியுமா? பிரவீன். அவனுக்கு ய வரவே இல்லை. "நாக்க மடிக்காதடா டேய்," என்று கௌரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆக, உனக்கு டப்பிங் பேச ஆள் தேடினோம். கடைசியில் உன்னைத் தவிர எல்லாரும் டப்பிங் பேசினார்கள், உன் பேச்சுக்கு ஒத்துவருகிற மாதிரி.

திரையிடலுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், பின்னணி இரைச்சல் அதிகம் என்று எனக்கு மார்க்கைக் குறைத்தார். சரிதான், அதிகம்தான். நான் வாதாடவில்லை. நான் வாதாடவில்லை என்பதை நீ நம்ப மாட்டாய், நிவேதாவைக் கேட்டுக்கொள். படம் பாஸ், எல்லாருக்கும் சர்டிஃபிகேட் வந்துவிட்டது. உனக்கும் ஒன்று போட்டார்கள்.

உன் அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னால் படம் பார்க்க முடியவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டால்? திரையில் நீ சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கழுத்தைத் துடைத்தாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், "இன்னா, ஒரே புயுக்கமா கீது," என்றாய்.

"ஃபேன போட்டுக்கயேன்டா," என்றார் அம்மா.

சத்தமாக இல்லை. அழுகையும் இல்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டே, வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னார். சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான், நிவேதா இந்தப் படத்தைக் குறும்பட விழாக்களுக்கு அனுப்பப் போகிறாள். எங்கேயாவது ஒருத்தன், ஹீரோவுக்கு மட்டும் வேறு ஆளைச் சுத்தமாகப் பேச வைத்து அனுப்புங்கள் என்று நிச்சயம் கேட்பான். படத்தின் மாஸ்டர் பிரதி என்னிடம் இருக்கிறது. எவன் கேட்டாலும், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், முடியாது என்று சொல்வேன். அந்த ஒரு வார்த்தையை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

உன் வீட்டு வாசலில் இப்போதும் செருப்பைக் கழற்றிப் போடும்,
உன் மச்சான்
விக்னேஷ்