வெள்ளைத் துகளின் வயது

பிளசன்டனில் இருக்கும் என்னவளுக்கு,

ஹூஸ்டனில் மூன்று நாளாக மழை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

விண்கல்லில் நான் கண்டுபிடித்த வெள்ளைத் துகள் நினைவிருக்கிறதா? மற்ற துகள்களில் அலுமினியம் சிதைந்து விட்டுப்போன மக்னீசியம் இருக்கும், இதில் இல்லை. அதனால் அந்த அலுமினியம் வந்து சேருமுன்பே உருவான இதுதான் எல்லாவற்றிலும் மூத்தது என்று எழுதினேன். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் கிரீன் கார்டுக்கே விண்ணப்பித்தோம்.

துகளின் மறுபாதியை இன்னொரு ஆய்வகம் சோதித்திருக்கிறது. எரிந்த சாணத்தின் சாம்பல் போலிருக்கிறதாம். நுண்ணோக்கிமேல் குனிந்தபோது ஏதாவது விழுந்ததா என்று கேட்கிறார்கள்.

இன்று நெற்றியைக் கழுவிவிட்டுத்தான் லேபுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு வந்துவிடுவேன். போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது: “மறக்காம நெத்தி நிறைய திருநீறு பூசிட்டு வாங்க. நம்மள இவ்ளோ தூரம் கொண்டு வந்ததே அதுதான்.”

உன்னவன்