நரிவெங்காயமும் திரேசாவின் இருதயமும்

நவம்பர் 10, செவ்வாய்

விடியவே மழை. பெண்கள் வார்ட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளிகள் வைத்தாயிற்று.

மருந்து அலுமாரியைத் திறந்து பார்த்தேன். டிஜிற்றலிஸ் டிஞ்சர் ஒரு போத்தல், அதுவும் பாதி. இருதய நோயாளருக்கு வேறு கதி இல்லை. கொழும்புக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்: யுத்தம், கப்பல் இல்லை.

எட்டாம் கட்டில் திரேசா. குருநகர். வயது இருபத்தாறு. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயத்துக் கதவு ஒன்று சுருங்கிவிட்டது. கால் இரண்டும் வீக்கம், விரல் வைத்தால் குழி. படுக்க முடியாது, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே. மூச்சுக்கு மூன்று சொல், அதற்குமேல் இல்லை.

காலையில் நான் நெஞ்சில் குழாய் வைத்து எண்ண, நர்ஸ் கைநாடியை எண்ணினாள். ஒரே நிமிடம். நெஞ்சில் 150, கையில் 96. மூன்றில் ஒரு பங்கு துடிப்பு கைக்கு வந்து சேரவில்லை. இருதயம் வீணாக உழைக்கிறது.

புருஷன் சவிரிமுத்து, கடலுக்குப் போகிறவர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு: “டொக்டரம்மா, அவ சரிஞ்சு படுத்து ஒரு மாசம். நானும் படுக்கேல்லை. இவ இருக்க நான் எப்பிடிப் படுக்கிறது?”

அரைப் போத்தல். அளவு குறைத்துக் கொடுத்தால் இரண்டரைக் கிழமைக்குப் போதும்.

நவம்பர் 12, வியாழன்

குடைக்கம்பி உடைந்தது. மலாயாவிலிருந்து அண்ணையின் கடிதம் இன்றும் இல்லை. அங்கே ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து இல்லை.

பழைய மருந்து நூல் ஒன்றில் நரிவெங்காயம் என்ற காட்டுக் கிழங்கின் படம். டிஜிற்றலிஸ் போலவே இருதயத்தில் வேலை செய்யும் என்று நாலு வரி. எவ்வளவு கொடுப்பது, எந்தக் கிழங்குக்கு எவ்வளவு வலு, ஒன்றும் திடமாக இல்லை. கூடினால் இருதயம் நின்றுவிடும்.

படத்தை ஆய்வுகூடத்து உதவியாள் கந்தையா அண்ணையிடம் காட்டினேன். “உதோ? எங்கடை தொண்டைமானாத்து மணலுக்கை கிடக்குது. ஆடும் வாய் வையாது.”

பெரிய டொக்டரிடம் போனேன். சிரித்தார். “பிள்ளை, எலிக்கு வைக்கிற சாமானை மனிசருக்கோ?”

“முதல்லை தவளைக்கு, ஐயா.”

“தவளைக்கெண்டால் எனக்கென்ன. வார்ட்டுக்குள்ளை கொண்டு வரக்கூடாது.”

இவ்வளவு போதும்.

நவம்பர் 13, வெள்ளி

ஆய்வுகூடம் என்று பெயர். முந்திச் சமையலறை. ஒரு நுண்காட்டி, மலேரியாக் கண்ணாடிகள், ஒரு யன்னல்.

வேண்டியவை:
— மெதுவாகச் சுற்றும் உருளை
— மினுங்கல் தாள், அதில் லாம்புப் புகை பிடிக்க
— நெல்லுத்தாள், அதாவது வைக்கோல் தண்டு (எழுதுகோலுக்கு)
— நூல், கண்ணாடிக் குழாய்
— தவளை (மழை தருகிறது)

பெரிய கடைக்குப் போய் மணிக்கூடு திருத்தும் சுலைமான் நானாவிடம் விளக்கினேன். தவளை இருதயம் துடிக்கத் துடிக்க, அதில் நூலால் கட்டிய நெல்லுத்தாள் ஏறி இறங்கும். அதன் நுனி புகைத்தாளில் வெள்ளைக் கோடு கீறும். தாள் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முழுதும் கேட்டார். கழற்றிக் கிடந்த சுவர் மணிக்கூடு ஒன்றை எடுத்தார். “இது இனி நேரம் காட்டாது, டொக்டர். ஆனா நல்லாச் சுத்தும்.”

நவம்பர் 15, ஞாயிறு

கந்தையா அண்ணையுடன் தொண்டைமானாறு. பஸ் பாதி வழி, மிச்சம் நடை. அவர் சந்நிதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தார், பிறகு கிழங்கு கிண்ட அலவாங்கைத் தோளில் வைத்தார்.

மழைக்கு இலை விட்டிருக்கிறது. இல்லாவிட்டால் மணலுக்குள் எங்கே தேடுவது? ஒரு கிழங்கு என் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. ஒரு சாக்கு நிறைந்தது. கடகப் பெட்டியோடு போன மனுசி நின்று, “உதை ஏன் பிள்ளை கிண்டுறாய்? உது கறிக்கு ஆகாது!”

கறிக்கில்லை என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 16, திங்கள்

கிழங்கு வெட்டி மதுசாரத்தில் ஊறவைத்தேன். சாறு பட்டுக் கை இரண்டும் முழங்கைவரை அரிப்பு, சிவப்பு. தேங்காயெண்ணெய் பூசியும் போகவில்லை. நோயாளிகளைப் புறங்கையால் தொட்டேன்.

ஊற ஒரு கிழமை.

நவம்பர் 23, திங்கள்

தொடக்கம்.

தவளையின் மூளையை முதலில் அழித்துவிடவேண்டும். அதற்குப் பிறகு அதற்கு வலி தெரியாது. எனக்குத் தெரியும். இருதயத்தைத் தனியே எடுத்துக் குழாயில் கட்டி, உப்புக் கரைசல் நிரப்பினேன். துடித்தது. நெல்லுத்தாள் எழுதியது! கந்தையா அண்ணை வாயைப் பொத்திக்கொண்டார்.

இனித்தான் உண்மையான கேள்வி. திரேசாவின் இருதயம் களைத்த இருதயம். நல்ல இருதயத்தில் மருந்து விட்டு என்ன பயன்? ஆகவே தவளை இருதயத்தையும் களைக்கவைக்க வேண்டும். வழி: கரைசலில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால் துடிப்பு சோர்ந்துபோகும்.

குறைத்தேன். சோரவில்லை. மூன்று தவளை. மூன்றும் உசாராகத் துடித்தன.

நவம்பர் 24, செவ்வாய்

இன்னும் நாலு தவளை. சோரவில்லை. சுண்ணாம்புச் சத்தை அறவே விட்டேன். அப்போதும் துடிக்கிறது. நான் படித்ததெல்லாம் பொய்யா?

திரேசாவுக்கு டிஜிற்றலிஸ் நாலு நாளைக்கு இருக்கிறது. எனக்குப் பல்லுக்கொதி, இரவெல்லாம் வலி. கூப்பன் அரிசியில் கல்.

நவம்பர் 25, புதன்

காலைத் தேத்தண்ணி. கேத்திலைச் சரித்தபோது அடியில் படிந்த வெள்ளை ஓடு ஒன்று உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன்.

“கந்தையா அண்ணை, கரைசலுக்கு எந்தத் தண்ணி விட்டனீங்கள்?”

“வடிச்ச தண்ணி முடிஞ்சு போச்சுது. கிணத்துத் தண்ணிதான். ஆனால் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினனான், டொக்டரம்மா!”

யாழ்ப்பாணத்துக் கிணறு. கீழே முழுதும் சுண்ணாம்புக் கல். நான் கரண்டியால் குறைத்ததை அவர் வாளியால் கூட்டியிருக்கிறார். அவர் முகம் வாடிவிட்டது. பிழை என்னுடையது, சொல்லாமல் விட்டது நான் என்றேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். ஏழு தவளை! மாணவியாக இருந்தபோது இதே பாடத்துக்கு முழுப் புள்ளி எடுத்தவள் நான்.

பகல் முழுதும் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்து வடிச்ச தண்ணீர் இறக்கினோம், இரண்டு பெரிய போத்தல்.

நவம்பர் 26, வியாழன்

இன்றைய நாளை ஒருநாளும் மறக்கமாட்டேன்.

வெளியே மழை, உள்ளே வெளிச்சம் காணாது, யன்னலருகே மேசையை இழுத்தோம். வடிச்ச தண்ணீரில் கரைசல். சுண்ணாம்புச் சத்து கால் பங்கு. இருதயம் சோர்ந்தது. கோடு தாழ்ந்து தாழ்ந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. இது திரேசாவின் இருதயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நரிவெங்காய டிஞ்சர், கரைசலில் கலந்து நன்றாக ஐதாக்கி, ஒரு துளி.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு கோடு ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைவிடச் சற்று உயரம். பத்து நிமிடத்தில் மூன்று மடங்கு. நெல்லுத்தாள் தாளுக்கு மேலே தாண்டிவிடும்போல் இருந்தது.

“எழும்பீட்டுது! டொக்டரம்மா, எழும்பீட்டுது!” கந்தையா அண்ணை.

வெறும் மதுசாரத்தை அதே அளவு விட்டுப் பார்த்தேன், வேறு இருதயத்தில். ஏறவில்லை. ஆகவே கிழங்குதான்.

துடிப்பின் வேகம் மாறவில்லை. உயரம்தான் மாறியது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: நரம்பு அறுந்த இருதயத்தில், வேகம் மாறாமல், வலு மட்டும் கூடியது. மருந்து தசையிலேயே வேலை செய்கிறது.

தாளுக்கு அரக்குப் பூசிக் காயவிட்டேன். மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

நவம்பர் 27, வெள்ளி

பெரிய டொக்டர் வந்தார். கதிரை இழுத்து இருந்தார்.

“பிள்ளை, இந்த மருந்தெல்லாம் நாடியை மெதுவாக்கும். இருதயத்துக்கு ஆறுதல் கிடைக்கும். அவ்வளவுதான். தசைக்கு வலுக் குடுக்கிறதெண்டது வெறும் கதை.”

“நீங்களே எண்ணுங்கோ, ஐயா.”

மணிக்கூட்டை எடுத்து எண்ணினார். மருந்துக்கு முன் 32, பின் 31. கோடு மூன்று மடங்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொருக்கால்.”

மூன்று இருதயம் காட்டினேன். மூன்றாவதுக்கு அவரே துளி விட்டார். எழும்பிப் போகும்போது, “சரி. எண்டாலும் தவளை மனிசி இல்லை” என்றார். வாசலில் நின்று திரும்பினார். “வலுவை அளந்தீரோ?”

அளந்துகொண்டிருக்கிறேன். டிஜிற்றலிஸ் எத்தனை துளியில் தவளை இருதயம் ஒரு மணித்தியாலத்தில் நிற்கிறது, எங்கள் டிஞ்சர் எத்தனை துளியில் என்று. டிஜிற்றலிஸ் இரண்டு துளிக்கு எங்களுடையது மூன்று. ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். இப்போது குத்துமதிப்பு இல்லை, கையில் அளவு இருக்கிறது.

நவம்பர் 28, சனி

காலை எட்டு மணிக்கு நானே குடித்தேன். பதினைந்து துளி, தண்ணீரில். வேம்பைவிடக் கைப்பு.

9.00 — நாடி 78. ஒன்றும் இல்லை.
10.30 — 72. வாய் ஊறுகிறது.
11.00 — 68. குமட்டல். முற்றத்தில் வாந்தி. பதினைந்து அதிகம். பத்தில் தொடங்கவேண்டும்.
பின்னேரம் — சுகம். பசி!

பெரிய டொக்டருக்குச் சொன்னேன். முகம் சிவந்துபோனது. “தனியவோ குடிச்சனீர்? மயங்கி விழுந்தால் ஆர் பாக்கிறது? என்னைக் கூப்பிட்டிருக்கக்கூடாதோ?” திட்டி முடித்து, என் கையைப் பிடித்து நாடியை முழு நிமிடம் எண்ணினார். பிறகு: “நாளைக்கு எட்டாம் கட்டிலுக்குக் குடும். நானும் நிப்பன்.”

டிஜிற்றலிஸ் போத்தலில் கடைசித் துளி இன்று காலை போயிற்று.

நவம்பர் 29, ஞாயிறு

மழை விட்டு வெயில்.

திரேசாவிடம் ஒளிக்கவில்லை. “இது கப்பல்லை வந்த மருந்தில்லை. எங்கடை கடற்கரையிலை கிண்டின கிழங்கு. மனிசரிலை என்னைத் தவிர ஆரும் இன்னும் குடிக்கேல்லை. உமக்குப் பயமெண்டால் வேண்டாம்.”

மூச்சு வாங்கி வாங்கி: “எந்தக்... கடற்கரை?”

“தொண்டைமானாறு.”

“அப்ப... எங்கடை கடல்தானே. தாங்கோ.”

பத்துத் துளி. சவிரிமுத்து சிலுவை போட்டார். பெரிய டொக்டர் கைகட்டி நின்றார். நெஞ்சு 154, கை 94.

டிசம்பர் 1, செவ்வாய்

தினமும் பத்துத் துளி. நெஞ்சு 126, கை 98.

குமட்டல் இல்லை. முகத்தில் நீலம் குறைந்தமாதிரி. அல்லது என் ஆசையா? நர்ஸிடம் கேட்டேன், அவளும் அப்படித்தான் என்றாள். அவளும் ஆசைப்படுகிறாள்.

டிசம்பர் 2, புதன்

சிறுநீர்! நேற்று மத்தியானம் முதல் இன்று மத்தியானம் வரை ஏனத்தை நர்ஸ் ஐந்து முறை மாற்றினாள். பெரிய டொக்டர் அளவுச் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்ல தேனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கணுக்காலில் எலும்பு தெரிகிறது.

இரண்டாம் சாக்குக் கிழங்கு கந்தையா அண்ணை கொண்டுவந்தார். இம்முறை அவரே வெட்டினார், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு.

டிசம்பர் 4, வெள்ளி

மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்ட்டுக்குப் போனேன். எட்டாம் கட்டிலில் தலையணைகள் எல்லாம் கீழே. திரேசா சரிந்து படுத்து நித்திரை. வாய் சற்றுத் திறந்தபடி. நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. கீழே சீமெந்துத் தரையில் சவிரிமுத்து, அவரும் நித்திரை, குறட்டையோடு.

நர்ஸ் எழுப்பப் போனாள். மறித்தேன்.

மூன்று மணிக்குத் திரேசா எழும்பினாள். புருஷனைப் பார்த்துவிட்டு, “இதென்ன ஆசுப்பத்திரி நிலத்திலை வள்ளம் இழுத்துவிட்ட மாதிரிக் கிடக்கிறியள், சனம் பாக்குது, எழும்பிப் போய் முகத்தைக் கழுவுங்கோ!”

ஒரே மூச்சில். ஒரே மூச்சில்! வார்ட்டு முழுதும் சிரித்தது. சவிரிமுத்து எழும்பி இருந்து அழுதார். நான் மருந்தறைக்குள் போய் அடுத்த வேளைத் துளிகளை எண்ணினேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

நெஞ்சில் பெரிய டொக்டர், கைநாடியில் நான். வார்ட்டில் சத்தம் போடக்கூடாதென்று நர்ஸ் எல்லாரையும் அடக்கினாள். ஒரு முழு நிமிடம்.

“எவ்வளவு?” என்றார்.

“எழுபத்தெட்டு, ஐயா.”

கட்டில் அட்டையை எடுத்து, நெஞ்சில் எண்ணியதைத் தன் பேனையால் எழுதி என்னிடம் நீட்டினார். 78.

ஒரு துடிப்பும் வீணாகவில்லை.

சுருங்கிய கதவு சுருங்கியபடிதான். அதைத் திறக்க எந்தக் கிழங்காலும் முடியாது. திரேசாவுக்கும் சொன்னேன். “தெரியும் டொக்டரம்மா. நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டை போகலாமோ, அதைச் சொல்லுங்கோ.”

போகலாம் என்றேன்.

டிசம்பர் 9, புதன்

பனி. குடை திருத்தி வந்தது. புகைத்தாள்களை வரிசைப்படுத்திக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கொழும்பு மருத்துவ இதழுக்கு அனுப்பச் சொல்கிறார் பெரிய டொக்டர். முதல் வாக்கியம் நாலு முறை வெட்டினேன். அதற்குள் வாசலில் மாட்டுவண்டி. கொடிகாமத்திலிருந்து ஒரு புகையிலைத் தோட்டக்காரர், ஐம்பது வயதிருக்கும், இரண்டு மகன்கள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். உதடு நீலம், கால் தூண்.

பெரிய டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தபடியே, வார்ட்டுக்கே கேட்கும் குரலில்:

“பிள்ளை! உம்மடை மருந்து எத்தினை துளி?”

“பத்து, ஐயா.”

“கைவசம் கிடக்கோ?”

“மூண்டு போத்தல்.”

“அப்ப ஏன் நிக்கிறீர்? கொண்டு வாரும்!”

ஓடினேன்.