கடைசி வரிசையின் அரை நூல்

சண்டிலிப்பாய், 23 பெப்ரவரி 1992, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் செபமாலையைக்கூட உள்ளே வைக்காமல் தோட்டத்துக்குப் போனேன். மூன்று வரிசை மிளகாய்க் கன்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. நாலாவது வரிசை பதினைந்தும் தலை தொங்கிவிட்டன.

திட்டம் என்னுடையது. ஆகவே இந்த வெட்கமும் என்னுடையது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இரத்தினம்மாவின் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். இரண்டு வருடமாகப் போகிறது. பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. அவளுடைய முழங்காலோ இனிக் கன்று கன்றாக வாளி சுமக்க விடாது. அவளுடைய மகள் இராசாத்தி தாதி. பாவித்து எறியும் சேலைன் குழாய்களையும் ஊசிகளையும் அவித்துக் கழுவிக் கொண்டுவந்தாள். நாலடி கல்லடுக்கில் ஒரு பீப்பா. காலையில் இராசாத்தி தன் வீட்டிலிருந்து வந்து அதை நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அதிலிருந்து ஒன்றோடொன்று பொருத்திய குழாய் நாலு வரிசையையும் சுற்றி வருகிறது. கன்றுக்கு ஓர் ஊசி, சொட்டுச் சொட்டாக. கடதாசியில் மிக அழகாக இருந்தது.

இரத்தினம்மாவின் தமையன் முத்துக்குமாரு வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "வருசப்பிறப்புக்கு அறுபதும் நிண்டால் தோட்டம் உன்ரை கையிலை, தங்கச்சி. இல்லாட்டில் நான் புகையிலை வைக்கிறன். நீ மகளோடை போய் இரு."

இரத்தினம்மா நாலாவது வரிசைக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள், நொண்டி நொண்டி.

25 பெப்ரவரி

ஊசிகளைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். ஒன்றும் அடைக்கவில்லை. பின் ஏன்?

"தண்ணி களைச்சுப் போகுது, ரீச்சர்" என்றாள் இரத்தினம்மா.

முப்பத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவளிடம்! தண்ணீருக்குக் களைப்பில்லை என்றேன். இணைந்த குழாய்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அமுக்கம் எங்கும் ஒன்றுதான் என்றும் சொன்னேன். "ஓம், ஓம்" என்று வெற்றிலையை மடித்தாள். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

27 பெப்ரவரி

அளந்து காட்டப் போகிறேன். பெட்டிக்குள் ஆறு நுண் கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. என் கணவர் சிமியோன் உயிரோடிருந்தால், சேலையை விட்டுவிட்டுக் கண்ணாடியையா கட்டிக்கொண்டு ஓடிவந்தாய் என்று கேட்டிருப்பார்.

ஒன்றை எடுத்து ஒரு முனையை மெழுகால் அடைத்து, மறுமுனையில் ஊசி பொருத்தினேன். சேலைன் குழாயில் மருந்து குத்துவதற்கு ஒரு றப்பர்த் துண்டு இருக்குமே, அதற்குள் இந்த ஊசியைக் குத்தினால் அமுக்கத்துக்கு ஏற்ப நீர் கண்ணாடிக்குள் ஏறும். அடைபட்ட காற்று எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு அமுக்கம். பின்னால் கட்டக் கடதாசி ஒட்டினேன். கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்?

29 பெப்ரவரி, சனி

தண்ணீர் வீணாகக் கூடாதென்று எல்லா ஊசிக்கும் மூடி போட்டுவிட்டு அளந்தேன். பீப்பாவின் காலடியில் நீர் ஏறியது நாலு நூல், அதாவது அரை அங்குலம். இரண்டாம் வரிசையில் நாலு நூல். கடைசிக் கன்றிலும் நாலு.

கடதாசியை இரத்தினம்மாவின் முன்னால் வைத்தேன். பார்த்தாள். "எழுத்து வடிவாயிருக்கு" என்றாள்.

ஆனால் நாலாவது வரிசை இன்னும் வாடித்தான் நிற்கிறது.

4 மார்ச், சாம்பல் புதன்

தவக்காலத்துக்கு எதை விடுவது? சீனியை விடலாமென்றால் அது ஆறு மாதமாகக் கடையிலேயே இல்லை. வாதாடுவதை விடுவதாக நேர்ந்தேன். பத்து மணி வரைக்கும் நின்றது.

இரத்தினம்மா அந்தக் கடதாசியில் வறுத்த கடலையைக் கொட்டி வைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல, அவள் சிரிக்காமலே கேட்டாள்: "பந்தியிலை சோறு போடாமலே ஆருக்குக் காணாது எண்டு பாத்தனீங்களோ, ரீச்சர்?"

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூடி போட்டு அளந்தேன். ஓடாத தண்ணீரை அளந்தேன். என்ரை கடவுளே, முதல் தவணைப் பிள்ளைக்கும் இதற்கு முட்டைதான் போட்டிருப்பேன். 'நிலையான நீர்' என்று கரும்பலகையில் நானே அடிக்கோடு போட்டது எத்தனை தரம்!

5 மார்ச்

ஊசிகளைத் திறந்து ஓடவிட்டு அளந்தேன். முதல் அளவுகள் முன்னுக்குப் பின் முரண். வெயிலில் கண்ணாடிக்குள் காற்று சூடேறி நீரைத் தள்ளியது. ஈரத்துணி சுற்றி மறுபடி தொடங்கினேன்.

முதல் வரிசையில் மூன்றரை நூல். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று. நாலாவதின் கடைசியில் அரை நூல்.

நடுவில் குண்டு போடும் பொம்பர் வந்து சுற்றியது. அளவை விட மனமில்லை. இரத்தினம்மா பங்கர்க் குழிக்குள்ளிருந்து ஏசிய ஏச்சில்தான் ஓடினேன். ஓடும்போது காலடியில் ஏதோ முறிந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு கன்று.

ஐம்பத்தொன்பது. அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன்.

6 மார்ச்

சொன்னேன். முதல் அரை நூலைச் சொன்னேன், பிறகு கன்றை. கன்றை ஏற்கனவே பார்த்துவிட்டாளாம்.

அரை நூலைப் பற்றி அவள் சொன்னது இதுதான்: முன்னுக்கு நிற்பதுகளின் வாயைச் சின்னதாக்கினால் பின்னுக்கு நிற்பதுகளுக்கும் வருமே. எனக்கு விடை கிடைத்துவிட்டது. இராசாத்தியிடம் மெல்லிய ஊசிகள் கேட்டிருக்கிறேன்.

15 மார்ச், ஞாயிறு

பீப்பாவுக்குக் கிட்ட மிக மெல்லிய ஊசி, கடைசிக்குத் தடித்த ஊசி. மூன்று நாள் மாற்றி மாற்றி அளந்தோம். நான் நூலை வாசிக்க, அவள் முக்காலியிலிருந்து சொட்டை எண்ணினாள். கடைசிக் கன்றில் இப்போது இரண்டேகால் நூல். சொட்டு எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே கணக்கு.

29 மார்ச்

நாலாவது வரிசை நிமிர்ந்துவிட்டது. பதினைந்தும். பூசையில் கவனம் நிற்கவில்லை.

13 ஏப்ரல், வருடப்பிறப்பு

முத்துக்குமாரு புது வேட்டியோடு வந்து, விரல் நீட்டி எண்ணினார். இரண்டு தரம். "ஒண்டு குறையுது" என்றார்.

இரத்தினம்மா பயற்றம் பணியாரத் தட்டை நீட்டியபடி, "அது ரீச்சர் மிதிச்சது, அண்ணை. காயேல்லை. மிதிச்சதுக்கும் தண்ணிக்கும் என்ன?" என்றாள்.

அவர் முறிந்த தண்டைக் குனிந்து பார்த்தார், பிறகு என் செருப்பைப் பார்த்தார். பணியாரத்தை எடுத்துக்கொண்டு, புகையிலையை அடுத்த காணியில் வைப்பதாகச் சொன்னார்.

அவர் போனபின் இருவரும் வெகுநேரம் சிரித்தோம். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

17 மே, ஞாயிறு

முதல் பழம் பறித்தோம். கடைசி வரிசையைத்தான் இரத்தினம்மா முதலில் பறிக்கச் சொன்னாள்.

முத்துக்குமாரு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். தானும் ஒரு பீப்பா வைத்துக் குழாய் இழுத்தாராம். கடைசிக் கன்றுகளுக்குத் தண்ணீர் போகவில்லையாம். "என்ன காரணம், ரீச்சர்?"

விளக்கம் முழுதும் வாயில் தயாராக இருந்தது. இரத்தினம்மா கடகத்தைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி களைச்சுப் போகுது" என்றேன். "தங்கச்சியைக் கேளுங்கோ, அவ சொல்லுவா."